பைதான் வலைச் செயலியில் பதிவேற்றிய கோப்புகளை டிஸ்கில் சேமிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயனர் ஒரு கோப்பைப் பதிவேற்றுகிறார், அதை வாங்கி சர்வரின் டிஸ்கில் வைக்க வேண்டும். ஒரு வரியில் முடிகிற வேலைதான். ஆனால் ஃபிளாஸ்க், ஜாங்கோ, ஃபாஸ்ட்ஏபிஐ என எந்த பைதான் வலைக் கட்டமைப்பில் எழுதினாலும் அந்த ஒரு வரியைச் சுற்றி ஒரே மாதிரியான சிக்கல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. என்னிடம் அதிகம் கேட்கப்பட்டவற்றையும், நானே முட்டிக்கொண்டு கற்றவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழில் பெயர் வைத்த கோப்புகளை வாங்குகிறவர்கள் நான்காவது கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. படிவத்தை அனுப்பினால் கோப்பே வரவில்லை. ஃபிளாஸ்க் வந்த கோப்புகளை வைக்கும் ரிக்வெஸ்ட்.ஃபைல்ஸ் காலியாக இருக்கிறது. ஏன்?

பத்தில் ஒன்பது முறை ஃபார்ம் டேகில்தான் கோளாறு. அதில் என்க்டைப் என்ற பண்புக்கு மல்ட்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா என்று கொடுக்க வேண்டும், மெத்தட் போஸ்ட் ஆக இருக்க வேண்டும். என்க்டைப் இல்லாவிட்டால் பிரவுசர் கோப்பின் பெயரை மட்டும் ஒரு சாதாரண எழுத்துச் சரமாக அனுப்பிவிடும். உள்ளடக்கம் பயனரின் கணினியை விட்டுக் கிளம்பவே கிளம்பாது. அதனால் படிவத்தின் எழுத்து மதிப்புகள் இருக்கும் ரிக்வெஸ்ட்.ஃபார்ம் என்பதை அச்சிட்டுப் பாருங்கள். அங்கே கோப்பின் பெயர் உட்கார்ந்திருந்தால் காரணம் இதுவேதான்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் ஃபெட்ச் மூலம் அனுப்புகிறவர்கள் வேறொரு இடத்தில் தடுக்கி விழுவார்கள். ஃபார்ம்டேட்டா பொருளை அனுப்பும்போது கன்டென்ட்-டைப் தலைப்பை நீங்களே எழுதாதீர்கள். பகுதிகளைப் பிரிக்கும் பவுண்டரி சரத்தை பிரவுசர்தான் உருவாக்கி அந்தத் தலைப்பில் சேர்க்கும். நீங்கள் கையால் எழுதினால் பவுண்டரி இருக்காது, சர்வருக்கு எங்கே வெட்டுவது என்று தெரியாது.

ஃபாஸ்ட்ஏபிஐயில் பைதான்-மல்ட்டிபார்ட் என்ற தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். அப்புறம், பயனர் எதையும் தேர்ந்தெடுக்காமல் அனுப்பினால் ஃபிளாஸ்க் பிழை எதுவும் தராது. பெயர் காலியாக உள்ள ஒரு கோப்புப் பொருளைத் தரும். சேமிக்கும் முன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. சேவ் என்று கூப்பிடுவதற்கு முன்பு கோப்பு எங்கே இருக்கிறது?

சிறியதாக இருந்தால் நினைவகத்தில், பெரியதாக இருந்தால் தற்காலிக ஃபோல்டரில். எல்லை ஒவ்வொன்றிலும் வேறு. ஃபிளாஸ்க்கின் அடியில் இருக்கும் வெர்க்ஸ்யூக் 500 கேபி வரை நினைவகத்தில் வைக்கும். ஃபாஸ்ட்ஏபிஐ சார்ந்திருக்கும் ஸ்டார்லெட்டில் 1 எம்பி. ஜாங்கோவில் 2.5 எம்பி, அதை அமைப்பில் மாற்றலாம்.

ஆக, கோரிக்கையைக் கையாளும் உங்கள் வியூ ஃபங்ஷன் ஓடத் தொடங்கும்போது பொதுவாகக் கோப்பு முழுவதும் சர்வருக்கு வந்து சேர்ந்திருக்கும். சேவ் செய்வது என்பது அந்தத் தற்காலிக இடத்திலிருந்து உங்கள் ஃபோல்டருக்கு நகலெடுப்பதுதான். பைதானுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் நின்றால் அதுவும் பெரிய கோரிக்கையின் உடலைத் தன் சொந்தத் தற்காலிகக் கோப்பில் எழுதி வைத்த பிறகுதான் பைதானிடம் தரும். 1 ஜிபி கோப்பு ஒன்று சிறிது நேரத்துக்கு இரண்டு இடத்தில், சில சமயம் மூன்று இடத்தில்கூட இருக்கும். டிஸ்க் அளவைக் கணக்கிடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

பல லினக்ஸ் சர்வர்களில் தற்காலிக ஃபோல்டர் டிஸ்கில் இருப்பதில்லை, ராமில் இருக்கிறது. பெரிய பதிவேற்றங்கள் அங்கே குவிந்தால் நினைவகம் தீரும். டிஎம்பிடிஐஆர் என்ற சூழல் மாறியில் வேறு பாதையைக் கொடுத்தால் பைதான் அங்கே எழுதும்.

3. பயனர் வைத்த பெயரிலேயே சேமித்துவிட்டால் என்ன தவறு?

கோப்பின் பெயர் என்பது வெளியிலிருந்து வரும் எழுத்து. அதை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். பிரவுசர் ஒழுங்காகப் பெயரை மட்டும் அனுப்பும் என்பது சரி, ஆனால் கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியால் இரண்டு புள்ளியும் சாய்கோடும் கலந்து "மேல் ஃபோல்டருக்குப் போ, அதற்கும் மேலே போ" என்கிற பெயரை அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது. நீங்கள் அதை அப்படியே பாதையோடு ஒட்டினால் உங்கள் செயலியின் நிரல் கோப்பின் மீதே எழுதிவிட முடியும்.

ஓஎஸ்.பாத்.ஜாயின் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். காப்பாற்றாது. இரண்டாவது துண்டு சாய்கோட்டில் தொடங்கினால் அது முதல் துண்டையே தூக்கி எறிந்துவிடும். பதிவேற்ற ஃபோல்டரோடு "/இடிசி/பாஸ்வேர்ட்" என்பதைச் சேர்த்தால் கிடைப்பது வெறும் "/இடிசி/பாஸ்வேர்ட்". பாத்லிப்பின் சாய்கோட்டுக் குறியும் இதையேதான் செய்யும். பைதான் ஆவணத்தில் சொல்லியிருக்கும் நடத்தைதான் இது. ஒருமுறை பைதான் ஷெல்லில் அடித்துப் பாருங்கள், அப்புறம் மறக்காது.

தாக்குதலை விடுங்கள், நல்லவர்கள் மட்டுமே பயன்படுத்தினாலும் சிக்கல் உண்டு. "ஸ்கேன்0001" என்ற பெயரில் இரண்டு பேர் அனுப்புவார்கள். இரண்டாமவரின் கோப்பு முதலாமவரின் கோப்பை ஓசையில்லாமல் அழித்துவிடும். ஜாங்கோவின் ஃபைல்ஃபீல்டு பெயர் மோதினால் பின்னால் சில எழுத்துகளைச் சேர்த்து வேறு பெயராக்கிவிடும். ஃபிளாஸ்க்கின் சேவ் அப்படிச் செய்யாது, மேலேயே எழுதும்.

4. அதற்குத்தானே செக்யூர்_ஃபைல்நேம் இருக்கிறது? அது போதாதா?

வெர்க்ஸ்யூக்கின் அந்த ஃபங்ஷன் சாய்கோடுகளையும் ஆபத்தான புள்ளிகளையும் நீக்கிப் பெயரைச் சுத்தம் செய்கிறது. பாதைத் தாக்குதலைத் தடுக்கிறது. ஆனால் அது ஆஸ்கி எழுத்துகளை (ஆங்கில எழுத்து, எண், சில குறிகள்) மட்டுமே விட்டுவைக்கும். தமிழ் எழுத்து ஒன்றுகூட மிஞ்சாது.

"விண்ணப்பம்.பிடிஎஃப்" என்ற கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பகுதி தமிழில், நீட்டிப்பு வழக்கமான மூன்று ஆங்கில எழுத்துகள். செக்யூர்_ஃபைல்நேம் முதலில் "விண்ணப்பம்" முழுவதையும் உதிர்க்கும். மிஞ்சுவது ஒரு புள்ளியும் நீட்டிப்பும். முனையில் இருக்கும் புள்ளியை அடுத்ததாக நீக்கும். கடைசியில் கையில் இருப்பது புள்ளிகூட இல்லாத "பிடிஎஃப்" என்ற மூன்று எழுத்துப் பெயர். "சான்றிதழ்", "கடிதம்", "ரசீது" எல்லாமே அதே மூன்று எழுத்தாகிவிடும். நீட்டிப்பும் இல்லாமல் முழுக்கத் தமிழிலேயே பெயர் இருந்தால் காலிச் சரம் வரும். காலிப் பெயரும் வரலாம் என்று ஆவணமே எச்சரிக்கிறது.

இதை நான் அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன். விண்ணப்பங்களை வாங்கும் ஒரு செயலியில், ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்துவிட்டு நேரலைக்கு அனுப்பினேன். டேட்டாபேஸில் வரிசைகள் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தன. சர்வரில் ஃபோல்டரைத் திறந்து பார்த்தபோது அதில் இருந்தது ஒரே ஒரு கோப்பு, அந்த மூன்று எழுத்துப் பெயரோடு. எல்லா வரிசையும் அதையே சுட்டின. கடைசியாக யார் பதிவேற்றினாரோ அவருடைய ஆவணத்தைத்தான், தன் பதிவைத் திறந்த ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தையவர்கள் எல்லோரிடமும் மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கோப்பு தொலைந்ததைவிட, ஒருவரின் ஆவணம் இன்னொருவர் கண்ணில் பட்டதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அந்த ஃபங்ஷனில் தவறு இல்லை. எந்த இயங்குதளத்திலும் சிக்கல் தராத பெயரைத் தருவது அதன் வேலை, அதைச் செய்கிறது. தமிழில் பெயர் வைக்கிறவர்கள் இருக்கும் செயலிக்கு அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

5. அப்படியானால் டிஸ்கில் என்ன பெயர் வைப்பது?

நீங்களே உண்டாக்கிய பெயர். பயனர் தந்த பெயரை டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையில் வைத்துவிடுங்கள், டிஸ்க் பக்கம் அதைக் கொண்டே போகாதீர்கள். நான் எப்போதும் யூயூஐடி4 என்ற தற்செயல் அடையாளத்தைப் பயன்படுத்துகிறேன். அதன் ஹெக்ஸ் வடிவம் 32 எழுத்துகள், அதில் 122 பிட்கள் தற்செயலானவை. மோதலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், யாரும் ஊகிக்கவும் முடியாது. 1, 2, 3 என்று எண் வைத்தால் முகவரியில் எண்ணை மாற்றி அடுத்தவர் கோப்பைத் தேடும் ஆசை வரும். அதற்காக ஊகிக்க முடியாத பெயரையே பூட்டாக நினைத்துவிடாதீர்கள். அனுமதிச் சோதனை தனியாக வேண்டும்.

நீட்டிப்பு வேண்டுமென்றால் நீங்கள் அனுமதிக்கும் பட்டியலிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயனர் எழுதியதை வெட்டி ஒட்டாதீர்கள்.

கோப்புகள் லட்சக்கணக்கில் போகும் என்றால் ஒரே ஃபோல்டரில் கொட்ட வேண்டாம். பெயரின் முதல் இரண்டு ஹெக்ஸ் எழுத்துகளை உள்ஃபோல்டராக வைத்தால் 256 ஃபோல்டர்களாகச் சமமாகப் பிரியும். டேட்டாபேஸில் முழுப் பாதையை எழுதாமல், பதிவேற்ற ஃபோல்டருக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் எழுதுங்கள். நாளை டிஸ்க் மாறினால் ஒரு அமைப்பை மாற்றினால் போதும்.

6. பதிவிறக்கும்போது பயனருக்கு அவர் வைத்த தமிழ்ப் பெயர் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். ஃபிளாஸ்க்கின் சென்ட்_ஃபைலில் டவுன்லோட்_நேம் என்ற அளவுருவுக்கு டேட்டாபேஸில் வைத்த பெயரைக் கொடுங்கள். ஜாங்கோவில் ஃபைல்ரெஸ்பான்ஸுக்கு ஃபைல்நேம். இரண்டுமே கன்டென்ட்-டிஸ்பொசிஷன் தலைப்பில் யூடிஎஃப்-8 வடிவில் பெயரை முறைப்படி எழுதித் தரும். "விண்ணப்பம்" என்று அனுப்பியவருக்கு "விண்ணப்பம்" என்றே இறங்கும். தன் மொழியில் வைத்த பெயர் அப்படியே திரும்பி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே, அதற்கு இரண்டு வரி கூடுதலாக எழுதலாம்.

இன்னொரு நுணுக்கம். தமிழில் ஒவ்வொரு குறியெண்ணும் (எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோடு தரும் எண்) யூடிஎஃப்-8இல் 3 பைட் எடுக்கும். "விண்ணப்பம்" கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்துக் குறியெண், டிஸ்கில் 30 பைட். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் பெயருக்கு 255 பைட்தான் வரம்பு, அதாவது 85 குறியெண்கள். பெரிய அலுவலகக் கடிதத்தின் தலைப்பையே கோப்புப் பெயராக வைக்கிறவர்கள் இதை எளிதில் தாண்டிவிடுவார்கள். தவிர, "கொ" என்பதை க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாது. டேட்டாபேஸில் எழுதும் முன் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் மூலம் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பெயரால் தேடுவது அப்போதுதான் வேலை செய்யும்.

7. கோப்பு சேமிக்கப்படுகிறது, ஆனால் 0 பைட். என்ன நடந்தது?

சேமிக்கும் முன் எங்கோ ஒரு ரீட் இருக்கிறது. அளவு பார்க்கவோ வகை சோதிக்கவோ கோப்பை முழுவதும் படித்திருப்பீர்கள். படித்ததும் உள்குறி கோப்பின் கடைசியில் நிற்கும். சேவ் அங்கிருந்து தொடங்கினால் எழுத எதுவும் இருக்காது. படித்து முடித்ததும் சீக்(0) என்று ஆரம்பத்துக்குத் திருப்புங்கள். முதல் சில பைட்டை மட்டும் படித்திருந்தால் 0 பைட் ஆகாது, தலை வெட்டுப்பட்ட கோப்பு சேமிக்கப்படும். கண்டுபிடிக்க அதுதான் கடினம்.

8. பெரிய கோப்புகள் வந்தால் சர்வர் திணறுகிறது. எல்லையை எப்படி வைப்பது?

முதலில், ரீட் என்று ஒரே மூச்சில் முழுவதையும் நினைவகத்துக்கு இழுக்காதீர்கள். ஃபிளாஸ்க்கின் சேவ் துண்டு துண்டாகத்தான் எழுதும். ஜாங்கோவில் சங்க்ஸ் இருக்கிறது, ஒரு துண்டு 64 கேபி. மற்ற இடங்களில் ஷட்டில் மாட்யூலின் காப்பிஃபைல்ஆப்ஜ்.

அடுத்தது எல்லை. ஃபிளாஸ்க்கில் மேக்ஸ்_கன்டென்ட்_லெங்த் என்ற அமைப்பு உண்டு, இயல்பாக அதற்கு மதிப்பு எதுவும் இல்லை. அதாவது நீங்கள் வைக்கும்வரை எல்லை இல்லை. வைத்தால் அதைத் தாண்டும் கோரிக்கைக்கு 413 பிழை போகும். ஜாங்கோவில் டேட்டா_அப்லோட்_மேக்ஸ்_மெமரி_சைஸ் என்று ஒன்று இருப்பதைப் பார்த்து அது கோப்புக்கும் சேர்த்து என்று நினைக்க வேண்டாம், கோப்பின் அளவை அது எண்ணாது.

என்ஜின்எக்ஸில் இதற்குத் தலைகீழ். அங்கே கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் இயல்பாகவே 1 எம்பி. "என் கணினியில் வேலை செய்கிறது, சர்வரில் 413 வருகிறது" என்றால் பைதானைத் தொடாமல் நேராக அங்கே போய்ப் பாருங்கள். பைதான் லாகில் அந்தக் கோரிக்கை பதிவே ஆகியிருக்காது.

பைதான் செயலியை ஓட்டும் ஜியூனிகார்ன் சர்வரின் சாதாரண ஒர்க்கர் (கோரிக்கையைக் கையாளும் புராசஸ்) இயல்பாக 30 விநாடிதான் பொறுக்கும். மெதுவான இணைப்பில் ஒருவர் பதிவேற்றினால் ஒர்க்கர் அவருக்காகவே காத்து நின்று, கடைசியில் கொல்லப்படும். முன்னால் என்ஜின்எக்ஸ் நின்று முழுவதையும் வாங்கி வைத்துத் தந்தால் இந்தத் தொல்லை வராது.

9. நீட்டிப்பைச் சோதித்தால் கோப்பின் வகை உறுதியாகிவிடுமா?

ஆகாது. நீட்டிப்பும் கன்டென்ட்-டைப்பும் இரண்டுமே அனுப்புகிறவர் சொல்வது. அனுமதிப் பட்டியல் வைப்பது நல்லதுதான், அது முதல் வடிகட்டி. அடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜேபெக் படம் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டில் தொடங்கும். பிடிஎஃப் ஒரு சதவீதக் குறியோடு தன் பெயரையே சொல்லித் தொடங்கும். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப், அதனால் ஜிப்பின் தொடக்கம்தான் அதிலும் இருக்கும்.

படங்களை நான் பில்லோ என்ற படத் தொகுப்பில் திறந்து மறுபடி எழுதிவிடுவேன். ஒட்டிக்கொண்டு வந்த வேறு சரக்கு இருந்தால் அதோடு கழன்றுவிடும். சில கேபி அளவுள்ள படம் விரிக்கும்போது ராட்சத அளவாகும்படி செய்ய முடியும். பில்லோ ஏறக்குறைய 8.9 கோடி பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கும், அதைப்போல் இரு மடங்கானால் பிழையாக நிறுத்தும். அந்த எல்லையை அணைத்து வைக்காதீர்கள். எஸ்விஜி மட்டும் தனி: அதற்குள் ஸ்கிரிப்ட் இருக்கலாம். கட்டாயம் தேவை இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பழைய வழிகாட்டிகளில் வரும் ஐஎம்ஜிஹெச்டிஆர் மாட்யூலைத் தேட வேண்டாம். அதையும் சிஜிஐ மாட்யூலையும் பைதான் 3.13இல் நீக்கிவிட்டார்கள்.

10. எழுதிக்கொண்டிருக்கும்போது செயலி நின்றுவிட்டால் பாதிக் கோப்பு தங்கிவிடுகிறதே?

இறுதிப் பெயரில் நேராக எழுதாதீர்கள். அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, எழுதியது உண்மையில் டிஸ்கில் இறங்கும்படி ஃபிளஷ், எஃப்சிங்க் செய்து, பிறகு ஓஎஸ்.ரீப்ளேஸ் மூலம் இறுதிப் பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும். பார்ப்பவருக்கு முழுக் கோப்பு தெரியும் அல்லது ஒன்றுமே தெரியாது.

"அதே ஃபோல்டரில்" என்பது முக்கியம். தற்காலிகக் கோப்பு வேறொரு டிஸ்கில் இருந்தால் ரீப்ளேஸ் பிழை தரும். ஷட்டில்.மூவ் பிழை தராது, ஆனால் உள்ளுக்குள் நகலெடுக்கும், அப்போது பாதிக் கோப்புச் சிக்கல் திரும்ப வந்துவிடும். டேட்டாபேஸ் வரிசையை ரீப்ளேஸுக்குப் பிறகே எழுதுங்கள். வரிசை இல்லாத கோப்பை இரவில் ஒரு ஸ்கிரிப்ட் துடைத்துவிடலாம். கோப்பு இல்லாத வரிசை பயனரின் கண்ணில் படும்.

11. பதிவேற்ற ஃபோல்டரை எங்கே வைக்க வேண்டும்? பெர்மிஷன் டினைட் வருகிறது, 777 போடலாமா?

777 வேண்டாம், அது எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தருவது. செயலி எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்று பாருங்கள், அந்த ஃபோல்டரை அவருக்குச் சொந்தமாக்குங்கள். அவ்வளவு போதும்.

இடம் என்றால், நிரல் இருக்கும் ஃபோல்டருக்கு வெளியே, ஸ்டாட்டிக் ஃபோல்டருக்கும் வெளியே. ஸ்டாட்டிக்கில் வைத்தால் யாருடைய அனுமதியும் கேட்காமல் எல்லோருக்கும் திறந்துவிடும். ஒருவர் அனுப்பிய எச்டிஎம்எல் உங்கள் தளத்தின் பக்கம் போலவே ஓடும். பாதையை முழுதாக எழுதுங்கள். "அப்லோட்ஸ்" என்று மட்டும் எழுதினால் செயலியை எந்த ஃபோல்டரிலிருந்து தொடங்கினீர்களோ அங்கே போய் உட்காரும். சேமித்த கோப்பைக் காணவில்லை என்று தேடுகிறவர்களுக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி இது.

டாக்கரில் ஓடினால் அந்த ஃபோல்டருக்கு வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் சேமிப்பிடம்) கட்டாயம். இல்லாவிட்டால் கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கும்போது எல்லாம் போய்விடும்.

12. ஜாங்கோவில் பதிவை அழித்தால் கோப்பும் அழியுமா?

அழியாது. 1.3 பதிப்பிலிருந்தே இப்படித்தான். நீங்களே அழிக்க வேண்டும். டேட்டாபேஸ் டிரான்சாக்ஷன் முடிந்த பிறகு ஆன்_கமிட்டில் அழித்துவிடுங்கள். முன்பே அழித்து டிரான்சாக்ஷன் பின்வாங்கினால் பதிவு இருக்கும், கோப்பு இருக்காது.

13. ஃபாஸ்ட்ஏபிஐயில் அசிங்க் ஃபங்ஷனுக்குள் சாதாரணமாக எழுதலாமா?

சிறிய கோப்பென்றால் பாதிப்பு தெரியாது. பெரியதென்றால் எழுதி முடிக்கும்வரை மற்ற எல்லாக் கோரிக்கைகளும் நிற்கும். அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் அசிங்க் இல்லாத சாதாரண டெஃப் ஆக எழுதிவிடுங்கள். ஃபாஸ்ட்ஏபிஐ அதைத் தனி த்ரெட்டில் ஓட்டும்.

14. டிஸ்க் நிரம்பிவிட்டால்?

ஓஎஸ்எரர் வரும், எண் 28. அதைப் பிடித்துப் பாதியில் நிற்கும் தற்காலிகக் கோப்பை அழித்துவிட்டு, பயனரிடம் "சேமிக்க முடியவில்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஷட்டில் மாட்யூலின் டிஸ்க்_யூசேஜ் மீதி இடத்தைச் சொல்லும், அதைத் தினமும் ஒருமுறை பார்த்து முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பும்படி வைத்தால் இரவில் எழுந்திருக்க வேண்டியதில்லை. இடம் மீதி இருந்தும் அதே 28 வந்தால் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவிடம்) தீர்ந்திருக்கிறது. டிஎஃப் கட்டளையோடு சிறிய ஐ எழுத்தைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். சிறு சிறு கோப்புகள் ஏராளமாகக் குவியும் சர்வரில் இடத்துக்கு முன்பே அது தீர்ந்துவிடக்கூடும்.